வேகம் முதலில் வந்தது, பிரேக் பின்னால் வந்தது



போன மாதத்தில் மட்டும் ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. "300, 400 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருது சார், வாங்கலாமா?" கேட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், இன்னொருவர் உடுமலையில் மெடிக்கல் கடை. மூன்றாவது ஆள் என் தங்கச்சி பேரன். அவன் கேட்ட மறுநாளே அவன் அம்மா போன் போட்டு, "மாமா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க, நீங்க சொன்னாக் கேட்டுக்குவான்" என்றாள். அவன் அப்பாவோ, "பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா" என்றார். வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி!

நான் இடைநிலை ஆசிரியர். எல்லாப் பாடமும் நடத்தியவன். ஆனாலும் மனசுக்குப் பிடித்தது வரலாறுதான். ஒரு பொருளை வாங்கலாமா என்று கேட்டால், அது இங்கே எப்படி வந்தது என்று முதலில் பார்ப்பது என் பழக்கம். அதனால் பதில் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பழைய இயந்திரம் வாங்குவது புதிதல்ல. திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்ததில், வெளிநாட்டில் ஓடி முடிந்து இங்கே இறக்குமதியான பின்னல் மெஷின்களுக்கும் பங்கு உண்டு. அப்படி ஒரு மெஷின் பார்க்கப் போகிறவர் ஊசியைப் பார்ப்பார், சிலிண்டரைத் தடவிப் பார்ப்பார், எத்தனை வருஷம் ஓடியது, ஏன் விற்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரிப்பார். அதே மனிதர் மகனுக்கு பைக் வாங்கப் போனால் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் நாடே மோட்டார் சைக்கிளைப் பழசாகத்தான் வாங்கியிருக்கிறது. புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டிடம் 800 வண்டிகள் கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 1957-ல் உதிரிபாகம் செய்யும் வார்ப்புகளும் கருவிகளும் திருவொற்றியூருக்கு வந்தன. பின்னால் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. நாம் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தோம். ராஜ்தூத் 175, போலந்து நாட்டு வண்டியின் வடிவம். எஸ்கார்ட்ஸ் 1962 முதல் செய்தது. மைசூரில் செய்த ஜாவா, செக்கோஸ்லோவாகியா வண்டி. இத்தாலியில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் செய்த ஆலையின் இயந்திரங்களை 1972-ல் நம் அரசே வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அங்கே ஓய்வு கொடுத்தது இங்கே புதுசாகப் பணியில் சேர்ந்தது!

இந்த வரிசையில்தான் நம் நாட்டின் முதல் உண்மையான நடுத்தர ஸ்போர்ட்ஸ் பைக் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். ராஜ்தூத் 350. இளைஞர்கள் ஆர்.டி. என்று சொல்வார்கள்.

அதன் பிறப்பு ஜப்பானில். யமஹா 1973-ல் ஆர்.டி. 350-ஐ வெளியிட்டது. அந்தக் காலத்தில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் 350 சி.சி. என்று தனிப் பிரிவே இருந்தது. அதில் ஓடிய யமஹா பந்தய வண்டிகளின் தம்பி என்று இதைச் சொல்லலாம். 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் கம்பெனி சொன்ன சக்தி 39 குதிரைத்திறன்.

எட்டாம் வகுப்பு அறிவியலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு நடை நடந்தால்தான் ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு நடைக்கே ஒரு வெடிப்பு. அதுவும் இதில் இரண்டு சிலிண்டர். புல்லட்டும் ஏறக்குறைய அதே அளவுதான், 346 சி.சி. ஆனால் அதன் சக்தி 18 குதிரைத்திறன். ஒரே அளவு சட்டியில் இரண்டு மடங்கு சோறு வெந்த மாதிரி.

இந்த வண்டியை ஜப்பான் 1975-ல் நிறுத்திவிட்டு 400 சி.சி.க்குப் போய்விட்டது. பிறகு 1980-ல் தண்ணீரால் குளிர்விக்கும் 350 என்ஜினுக்கும் போய்விட்டது. அதற்கும் பிறகு, 1983-ல், கபில் தேவ் அணி உலகக் கோப்பையை வென்ற அதே வருடம், எஸ்கார்ட்ஸ் அந்தப் பழைய காற்றுக் குளிர்வு வண்டியை ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே செய்ய ஆரம்பித்தது. முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன். அதை ஹை டார்க் என்பார்கள். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்ற புகாரால் பிறகு 27-க்குக் குறைத்தார்கள், அது லோ டார்க். குறைத்த பிறகும் அந்தக் காலத்து இந்தியச் சாலையில் அதைத் தாண்ட இன்னொரு பைக் கிடையாது. மணிக்கு 140 கிலோமீட்டர் அதற்குப் பெரிய காரியமில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். ஜப்பான் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்தது டிஸ்க் பிரேக். இந்தியாவுக்கு வந்த வண்டியின் முன்சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். என்ஜின் வந்தது, ஆறு கியர் வந்தது, ஆயிலைத் தானே கலந்துகொள்ளும் ஆட்டோலூப் வந்தது, சுற்றுக் காட்டும் மீட்டர் வந்தது. நிறுத்தும் சாமான் மட்டும் ஒரு படி கீழே இறங்கி வந்தது.

டிரம்மில் என்ன கோளாறு என்று கேட்பீர்கள். மூடிய பானைக்குள் லைனிங் உரசுகிறது. வேகத்திலிருந்து இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அழுத்தினால் உள்ளே சூடு ஏறுகிறது, வெளியேற வழியில்லை, பிடிமானம் குறைகிறது. டிவிஎஸ் 50-க்கு அது போதும். அதில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், ஒரு குறையுமில்லை. 140-ல் போகிற வண்டிக்கு அது போதாது.

1984 வாக்கில் உடுமலையில் ஒருவர் இந்த வண்டி வைத்திருந்தார். மெரூன் நிறம். பேருந்து நிலையத்தைத் தாண்டி அவர் போனால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். சத்தம் போன பிறகும் நீலப் புகை கொஞ்ச நேரம் நிற்கும். சாதாரணமாகப் போகும்போது பசு மாதிரி இருக்கும், சுற்று ஏறியதும் திடீரென்று இழுக்கும் என்று பட்டறைக்காரர் சொல்வார். அந்த இழுப்புக்காகத்தான் பையன்கள் மயங்கினார்கள்.

மயங்கினார்களே தவிர வாங்கவில்லை. புது வண்டியாக ராஜ்தூத் 350 இங்கே தோற்றுப்போனது. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், உதிரிபாகம் கிடைக்காது, கிடைத்தாலும் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர்கூட இல்லை. அதே நேரத்தில் 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட் சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா, அதே எஸ்கார்ட்ஸ் செய்த யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று நூறு சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. சம்பளக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். 1990 வாக்கில் ராஜ்தூத் 350 நின்றேபோனது.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். புதுசாக இருந்தபோது வாங்க ஆளில்லாத வண்டி, நின்றுபோன பிறகு தேட ஆரம்பித்த வண்டியாகிவிட்டது. விற்க முடியாமல் கொட்டகையில் கிடந்தவை மலிவாக இரண்டாம் கைக்குப் போயின. அங்கிருந்து மூன்றாம் கை, நான்காம் கை. கிரிக்கெட் வீரர் தோனியிடம் ஒரு ராஜ்தூத் 350 இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது 1981. வண்டி நின்றபோது அவருக்கு ஒன்பது வயது. அப்படியென்றால் அவர் வாங்கியதும் பழையதுதான். ஆர்.டி.யின் புகழ் முழுக்க முழுக்கப் பழைய வண்டி வாங்கியவர்கள் உண்டாக்கிய புகழ். அதன் கெட்ட பெயரும் அப்படித்தான். ஆர்.டி. என்றால் 'ரேபிட் டெத்' என்று பட்டறைகளில் சொல்வார்கள்.

புது வண்டி வாங்கியவர் பெரும்பாலும் வசதியானவர், நடுவயதுக்காரர், சர்வீஸுக்குப் பணம் உள்ளவர். நான்காம் கையாக வாங்கியவனுக்கு இருபது வயது. வண்டி வாங்கவே கடன். பிரேக் ஷூ மாற்றக் காசில்லை. இழுப்பு அப்படியே இருக்கும், பிடிப்பு தேய்ந்திருக்கும். ஏற்கெனவே ஒரு படி கீழே இறங்கியிருந்த பிரேக், ஒவ்வொரு கை மாறும்போதும் இன்னொரு படி இறங்கியது.

என்னிடம் படித்த பையன் ஒருவன். பெயர் எழுத மாட்டேன், அவன் வகுப்புத் தோழர்கள் இதைப் படிக்கும்போது புரிந்துகொள்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்பின்னிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் சேர்த்த பணத்தில் கோவையிலிருந்து ஒரு ஆர்.டி. கொண்டுவந்தான். நான்காவதோ ஐந்தாவதோ கை. என் வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறுங்க சார், பழனி வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்" என்றான். நான் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்து, மாசி மாதம், கரும்பு வெட்டு நேரம். ராத்திரி பழனி ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் போன கரும்பு டிராக்டர். பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதனுக்குக் கால் போனது. இவன் வரவில்லை.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் என்னிடம் சொன்னார்: முன்பிரேக்கில் லைனிங் என்று சொல்ல எதுவுமே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. கால் இழந்த பையன் வீட்டார் வழக்குப் போட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருந்தது தெரியுமா? வண்டியைப் புதுசாக வாங்கிய முதல் ஆள் பெயர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. இங்கே ஒரு விபத்து நடந்ததே அவருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும். அவர் மடத்துக்குளம் வரை வந்து, இறந்த பையன் வீட்டைத் தேடிப் போய், வெளித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். யார் யாருக்கு என்ன சொல்வது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதியாகச் சொன்னது. கார் ஒன்று கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது, பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. விபத்து நடந்ததும் இழப்பீடு யார் தருவது என்ற கேள்வி. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்பது தீர்ப்பு. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதிலுள்ள நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆகவே விற்கிறவர்களும் இதைப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது விற்பனை அல்ல.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். 1991-ல் தொடங்கி 1996, 2000 என்று புகைக் கட்டுப்பாடுகள் இறுகின. ஆயிலைச் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக்குகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1996-ல் ஆர்.எக்ஸ். 100 நின்றது, அதே வருடம் மைசூரில் யெஸ்டி ஆலையும் மூடியது. அதன் பிறகு கொஞ்ச காலம் மைலேஜ், மைலேஜ் என்பதே பேச்சு. 1999-ல் ஹீரோ ஹோண்டா சி.பி.ஸட்., 2001-ல் பல்சர், 2003-ல் கரிஷ்மா. ராஜ்தூத் 350 வந்து இருபது வருடம் கழித்து வந்த கரிஷ்மாவின் சக்தி 17 குதிரைத்திறன்தான் என்பதைக் கவனியுங்கள். நல்ல விஷயம் என்னவென்றால் இவற்றில் முன்பக்கம் டிஸ்க் வந்துவிட்டது. சில வருடங்கள் பிரேக் வேகத்தை எட்டிப் பிடித்த மாதிரி இருந்தது.

பிறகு மறுபடி வேகம் முந்திக்கொண்டது. 2009-ல் கவாசகி நின்ஜா 250, 2011-ல் ஹோண்டா சி.பி.ஆர். 250, 2013-ல் கே.டி.எம். 390 டியூக், 2014-ல் ஆர்.சி. 390. கடைசியாகச் சொன்னதில் ஒற்றை சிலிண்டர், 373 சி.சி., 43 குதிரைத்திறன். ஜப்பான் ஆர்.டி.யின் 39-ஐயே தாண்டியாகிவிட்டது. 2015-ல் யமஹா ஆர்3. 2017 டிசம்பரில் நம் ஓசூரிலிருந்தே டிவிஎஸ் அப்பாச்சி ஆர்.ஆர். 310.

இந்த வண்டிகளின் கதையும் ஆர்.டி. கதை மாதிரியே போகிறது. முதல் ஆள் தவணையில் வாங்குகிறார். இரண்டு மூன்று வருஷத்தில் கல்யாணம், முதுகு வலி, சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் பில். வண்டி இரண்டாம் கைக்கு வருகிறது, அங்கே நம்ம ஊர்ப் பையன் நிற்கிறான். நமக்கும் பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் பக்கம் போக நான்குவழிச் சாலை வந்துவிட்டது. ஆனால் குறுக்கே ஆடும் வருகிறது, கரும்பு டிராக்டரும் வருகிறது.

இங்கே ஒரு தேதியை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும், பரீட்சைக்குக் கேட்பேன். 1 ஏப்ரல் 2019. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்ற விதி முழுமையாக அமலுக்கு வந்த நாள். புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு மட்டும் அது ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. பயத்தில் பிரேக்கை முழுசாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் வழுக்கும், வழுக்கும் வண்டியைத் திருப்ப முடியாது. ஏ.பி.எஸ். சக்கரத்தின் சுழற்சியை எண்ணிக்கொண்டே இருந்து, பூட்டப்போகிறது என்றால் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது. 1983-ல் 140 கிலோமீட்டர் வேகம் வந்தது. அதை நிறுத்தும் ஏற்பாடு கட்டாயமானது 2019-ல். 36 வருடம்.

அதனால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 390 டியூக், ஆர்.சி. 390, ஆர்.ஆர். 310 மூன்றும் முதலிலிருந்தே ஏ.பி.எஸ். உடன் வந்தவை. நின்ஜா 300 இங்கே 2013-ல் வந்தாலும் 2018 வரை ஏ.பி.எஸ். இல்லை. ஆர்3-க்கும் 2018-ல்தான் வந்தது. சி.பி.ஆர். 250-ல் இருந்தும் விற்றார்கள், இல்லாமலும் விற்றார்கள். அது இல்லாத வண்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவில் என்ன குறைத்திருக்கிறார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இருபது வயசுப் பையனுக்கு அந்த வண்டியை நான் வாங்கித் தர மாட்டேன். தங்கச்சி பேரனுக்கும் இதையே சொன்னேன்.

ஏ.பி.எஸ். இருந்தால் மட்டும் போதாது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் காய்ந்த ரப்பர் காய்ந்த ரப்பர்தான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டுகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். விழுந்த வண்டியில் அந்த முட்டு நசுங்கியிருக்கும். ஃபேரிங்கை மாற்றிப் பளபளப்பாக்குகிறவர்கள் அதை மாற்றுவதில்லை. நீங்கள் போவதற்கு முன் என்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஆறும் வரை உட்கார்ந்து டீ குடியுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண் போட்டால் இன்சூரன்ஸ் தேதியும், கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பதும் தெரியும். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35-ம் அந்தக் கம்பெனியின் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பார்த்துவிடுங்கள். கேரள வண்டி என்றால் அந்த மாநிலத்துத் தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் உண்டு. மலிவு என்று பாலக்காடு போய் வந்தவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலிவு கரைந்துபோயிருக்கும்.

மெக்கானிக்கை உடன் அழைத்துப் போகும்போது அவருக்கு அன்றைய கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். புரோக்கர் கையால் காபி குடித்த மெக்கானிக்குக் கண் கொஞ்சம் மங்கும்.

இன்னொரு விஷயம். என் பெட்டியில் ராஜ்தூத் 350-ன் படம் ஒன்றுகூட இல்லை. 80-களில் உடுமலை, பழனி, தாராபுரம் பக்கம் அந்த வண்டியோடு நின்று எடுத்த படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் கீழே போடுங்கள். அந்த மெரூன் வண்டி யார் கைக்குப் போனது, இப்போது எந்தக் கொட்டகையில் நிற்கிறது என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.